அப்பிடியேதான் கிடக்கு, மாஸ்ரர்

மயிலிட்டியில் எனக்குப் பக்கத்து வளவில் இருந்தவர் தன்னைப் பற்றியோ தன் வீட்டைப் பற்றியோ ஒரு நல்ல சொல் சொல்லி நான் கேட்டதேயில்லை. அவருடைய வள்ளம் மீன் பாரத்தில் விளிம்பு வரை தாழ்ந்து கரைக்கு வரும். "பாடு எப்பிடி?" என்று கரையில் நிற்பவர்கள் கேட்பார்கள். பாடு என்பது அன்று கடலில் பட்ட மீன். அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "என்ன பாடு, கறிக்குக் காணும்" என்பார். அந்தக் கறியைத் தின்று முடிக்க ஒரு கலியாண வீட்டுச் சனம் வேண்டும்.

கரையில் எல்லாரும் கொஞ்சம் அப்படித்தான். கடலுக்குப் போகிறவன் தன் பாட்டைப் பெருமையாகச் சொன்னால் நாவூறு பட்டுவிடும், அடுத்த நாள் வலை வெறுமையாக வரும் என்பது அங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். ஆனால் மற்றவர்கள் அதை வாயளவில் செய்தார்கள். சொல்லிவிட்டுக் கண்ணால் சிரிப்பார்கள். இவர் சிரிப்பதில்லை. நல்லது எதுவும் தன் வீட்டில் இருப்பதாக ஊருக்குத் தெரிந்தால் அது தங்காது என்று முழு மனதாக நம்பினார். அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் அதற்கும் ஏதாவது வந்துவிடும் என்று பயந்திருப்பார்.

நான் சாவகச்சேரிப் பக்கத்தவன். கணக்கு வாத்தியார். அறுபதுகளின் நடுப்பகுதியில் முதல் நியமனம் கிடைத்து அந்தக் கரையோரப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, பாதி வீடு வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தேன். கேட்ட கேள்விக்கு நேரான விடை வராவிட்டால் எனக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து நிற்கும். அப்படிப்பட்டவனுக்கு இப்படியொரு பக்கத்து வீட்டுக்காரர்.

முதல் மாதம் அவர் சொன்னதையெல்லாம் உண்மையென்று நம்பினேன். கடலில் ஒன்றும் படாமல் பெண்சாதி பிள்ளைகளோடு மனிதன் தவிக்கிறான் என்று இரக்கப்பட்டு, வீட்டுக்குப் போய் வரும்போது ஒரு பெரிய பலாப்பழத்தைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். துக்கமான முகத்தோடு வாங்கிக்கொண்டார். எங்கள் வேலியில் ஆள் குனிந்து புகுந்து வரக்கூடிய ஒரு பொட்டு இருந்தது. அன்று பின்னேரம் அந்தப் பொட்டால் என் கை நீளப் பாரை மீன் ஒன்று வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவருடைய மூத்த மகள் தவமணி. எங்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு.

"அப்பா சொன்னவர், இது சின்ன மீனாம். குறை நினைக்க வேண்டாமாம்."

அந்த மீனை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு வேறு கதை.

தவமணி கெட்டிக்காரி. கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள். வேலியடியில் அவரைக் கண்டு, "அண்ணை, உங்கடை மகள்தான் முதலாம் பிள்ளை" என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவர் வேலியோரம் போகும் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாஸ்ரர், பலத்துக் கதையாதேங்கோ. அவளுக்கு மண்டைக்குள்ளை என்ன கிடக்கு? களிமண்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. நான் புள்ளி போட்டது பிழையோ என்று கேட்டேன். அவர் வீட்டுக்குள் போய்விட்டார். அவர் பெண்சாதிதான் பிறகு பொட்டடியில் நின்று சமாதானம் சொன்னாள்.

"நல்லதைச் சொல்ல அவருக்கு வாய் கூசும், மாஸ்ரர். நீங்கள் மனதிலை வையாதேங்கோ. அண்டைக்கு முழுக்க அந்தப் புள்ளியைச் சொல்லிச் சொல்லித்தான் கிழிஞ்ச வலை பொத்தினவர். எங்களுக்கு மட்டும் கேக்கிற மாதிரி."

தவமணிக்குக் காயம் பட்டது பாடு நன்றாக இருந்த ஒரு காலையில். அதையே நான் எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். வேறு ஒரு நாளாக இருந்தால் அவர் வழக்கப்படி அவசரமில்லாமல் ஆறுதலாக வலையைத் தட்டியிருப்பார். வலையில் திருக்கை இருந்தால் கடலுக்குள்ளேயே அதன் வாலை நறுக்கி எறிந்துவிடுவது வழக்கம். வாலில் கத்தி போல முள் இருக்கும், முள்ளில் நஞ்சு இருக்கும். அன்று மீன் குவிந்து கிடந்தது. கரையில் ஆட்கள் நின்றார்கள். யாரும் கண் வைக்கும் முன்னே மூடிவிட வேண்டும் என்ற அவசரத்தில், மீனை மணலில் கொட்டி அதன்மேல் ஈரச் சாக்குகளைப் பரப்பினார். அந்தக் குவியலில் வால் நறுக்காத திருக்கை ஒன்று உயிரோடு கிடந்தது. பள்ளிக்கூடம் வெளிக்கிட முன் தகப்பனைப் பார்க்க ஓடிவந்த தவமணி சாக்கின் மேல் கால் வைத்தாள்.

திருக்கை வாலைச் சுழற்றி அடித்ததில் முள் கெண்டைக்காலில் ஏறி எலும்பில் முட்டி நின்றது. அவர்தான் தன் கையால் இழுத்து எடுத்தார். எடுத்த முள்ளைப் பார்க்காமலே கடலில் எறிந்துவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினார். ஆஸ்பத்திரியில் அவளை இரண்டு கிழமை வைத்திருந்தார்கள். சதை அழுகிப்போன இடத்தை வெட்டி எடுத்தார்கள். கட்டு மாற்ற வரச் சொல்லி வீட்டுக்கு விட்டார்கள்.

வேறு மனிதனாக இருந்தால் மூடி மறைத்ததால் வந்த வினை என்று விளங்கிக்கொண்டிருப்பான். நானும் வாய் திறந்து சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"இல்லை மாஸ்ரர். மூடப் பிந்திப் போச்சு. மூட முதல் ஆரோ பாத்திட்டாங்கள்."

அதற்குப் பிறகு இவரோடு என்ன கதைப்பது?

ஆனால் பிள்ளையைப் பார்த்த விதத்தில் அவரிடம் ஒரு குறை சொல்ல முடியாது. பெண்சாதி கைக்குழந்தையோடு இருந்தாள். அதனால் மூத்தவளின் காலை அவர் ஏற்றுக்கொண்டார். கடலுக்குப் போவதைப் பாதியாகக் குறைத்தார். காலையில் வேப்பிலை போட்டுத் தண்ணீர் கொதிக்க வைத்து, ஆற வைத்து, கட்டை அவிழ்ப்பார். வலை இழுத்துத் தடித்துப்போன அந்த விரல்கள் ஒட்டிக்கொண்ட துணியை நூல் நூலாகப் பிரித்து எடுப்பதை வேலிக்கு இந்தப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தவமணி கத்துவாள். "உனக்கு நோகிற அளவுக்கு என்ரை காதைத் திருகு" என்று தலையைச் சாய்த்துக் கொடுப்பார். அவள் இரண்டு கையாலும் பிடித்துத் திருகுவாள். கட்டுப் போட்டு முடிய அவருடைய காது செவ்விரத்தம் பூ நிறத்தில் இருக்கும். அந்தக் காதோடுதான் கடைக்குப் போவார்.

ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது நான் கேட்பேன். "அண்ணை, பிள்ளைக்கு எப்பிடி?"

"அப்பிடியேதான் கிடக்கு, மாஸ்ரர்."

பின்னேரம் வரும்போது கேட்டாலும் அதேதான். சில நாள் அதற்கு மேலேயும் போவார். "இரவு முழுக்க முனகல்" என்பார். அவள் அந்த நேரம் உள்ளே கைக்குழந்தைக்கு விளையாட்டுக் காட்டிச் சிரித்துக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கும். கணக்கு வாத்தியாருக்கு இது கடைசியில் விளங்கியது. அவர் சொல்வதைத் தலைகீழாகப் புரட்டினால் சரியான விடை வரும். முனகல் என்றால் நல்ல நித்திரை. காய்ச்சல் என்றால் சோறு கேட்டிருக்கிறாள்.

ஒரு தரம் கட்டு மாற்றப் போகும்போது நானும் கூடப் போனேன். டொக்டர் பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "எப்பிடியப்பா இருக்கிறாள்?" என்று கேட்டார்.

"அப்பிடியேதான் கிடக்கு ஐயா."

டொக்டர் காலைத் தூக்கிப் பார்த்தார். "ஆர் சொன்னது? நல்லாய் ஆறி வருது. இவள் ஓடித்தான் பள்ளிக்கூடம் போவாள், இருந்து பாரும்."

அந்த அறையில் வரிசையில் நின்ற சனம் எல்லாம் கேட்டது. எங்கள் ஆளின் முகத்தில் இரத்தம் வற்றிப்போனது. வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பிடி மண்ணை அள்ளி, பிள்ளையின் தலையைச் சுற்றி எறிந்தார். பஸ்ஸில் ஏறிய பிறகு என்னிடம் கேட்டார்.

"இவ்வளவு சனத்துக்கு முன்னாலை அவர் ஏன் அப்பிடிச் சொன்னவர்?"

"அவர் டொக்டர். உள்ளதைச் சொல்லத்தானே வேணும்."

"உள்ளதைச் சொல்லட்டும். காதுக்குள்ளை சொல்லலாமே."

காயத்தின் மேலே தோல் மூடியது. அவர் முற்றத்து வேம்புக்கும் பூவரசுக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டினார். வள்ளம் கட்டுகிற தடித்த கயிறு. தவமணி அதைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகினாள். அவர் அவளுக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டியபடி பின்பக்கமாக நடப்பார். அவருடைய வாய் ஏதோ முணுமுணுத்தபடி இருக்கும். ஒழுங்கையில் ஆள் சத்தம் கேட்டால் போதும், பிள்ளையை வாரித் தூக்கிப் பாயில் இருத்திவிடுவார். அவளும் பழகிவிட்டாள். பாயில் இருந்ததும் முகத்தைக் கோணலாக்கி அழுவது போல வைத்துக்கொள்வாள். வந்தவர்கள் "ஐயோ பாவம்" என்றுவிட்டுப் போவார்கள்.

முதலில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. பிறகு பயம் பிடித்தது. தகப்பன் பொய் சொல்கிறார், பிள்ளையும் பொய்யாக முகத்தைச் சுளிக்கிறாள். நாளைக்கு உண்மையிலேயே ஏதாவது நடந்தால் இந்த வீட்டில் யாரைப் பார்த்து, எதைக் கேட்டு அறிந்துகொள்வது? இதை அவரிடமே கேட்டேன். "உந்த வாயாலை ஒண்டும் கேளாதேங்கோ மாஸ்ரர்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிணற்றடிக்குப் போனவன் வேலிக்கு மேலால் அவரைக் கண்டேன். பூவரசின் கீழ் வலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கையில் ஊசி இருந்தது, ஆனால் பொத்தவில்லை. வழக்கம்போலக் கேட்டேன்.

"அண்ணை, பிள்ளைக்கு எப்பிடி?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்ல சுகம், மாஸ்ரர்."

"சந்தோசம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். வாளியைக் கிணற்றில் விட்டேன். பாதி இழுக்கும்போதுதான் அந்த விடையைப் புரட்டிப் பார்த்தேன். கயிற்றைக் கைவிட்டுவிட்டு பொட்டால் புகுந்து ஓடினேன்.

அறைக்குள் ஒரு நாற்றம். தவமணி பாயில் கண்ணை மூடிக் கிடந்தாள். அவர் என் பின்னால் வந்து, காலை மூடியிருந்த சேலைத் துண்டை விலக்கினார். தோல் மூடியிருந்த இடம் கறுத்துப் புடைத்திருந்தது. அங்கிருந்து முழங்காலுக்கு மேலே வரை வீங்கி மினுங்கியது. நெற்றியில் கை வைத்தேன், சுட்டது. அவர் குனிந்து அந்தக் காலை மெல்ல நிமிர்த்தினார். அவள் கத்தவில்லை. அவருடைய காதைப் பிடிக்கவும் இல்லை.

மூலையில் குழந்தையை அணைத்துக்கொண்டு நின்ற பெண்சாதி அழுதாள். "முந்தநாள் தொடக்கம் காய்ச்சல், மாஸ்ரர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம் எண்டு எத்தினை தரம் சொன்னன். இண்டைக்கு விட்டிடும், நாளைக்கு விட்டிடும் எண்டு கிடக்கிறார். ஆரிட்டையும் வாய் திறக்க வேண்டாம் எண்டிட்டார்."

"உங்களுக்கு விசரே அண்ணை?" என்று கத்தினேன். என் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். அவர் என்னோடு சண்டைக்கு வரவில்லை. குனிந்து பிள்ளையை அள்ளினார். சந்தியில் நின்ற ஹயர் காரை நான் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன்.

காரில் பிள்ளை அவர் மடியில் கிடந்தாள். பள்ளத்தில் கார் ஏறி விழும்போதெல்லாம் அந்தக் காலை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். எனக்குக் கோபம் அடங்கவில்லை.

"சுகமாய் இருந்த நேரமெல்லாம் சுகமில்லை எண்டீங்கள். இண்டைக்கு இப்பிடிக் கிடக்கு, சுகம் எண்டு சொல்ல உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?"

வெளியே பனங்காடு ஓடிக்கொண்டிருந்தது.

"சுகமில்லை எண்டு முந்திச் சொன்னது பொய்தானே, மாஸ்ரர்" என்றார். "பொய்யெண்டபடியால் எத்தினை தரமும் சொல்லலாம். அதாலை பிள்ளைக்கு ஒண்டும் வராது. இண்டைக்கு அதையே சொன்னால் உண்மையாப் போடுமே. உண்மையை நான் என்னெண்டு என்ரை வாயாலை சொல்லுறது?"

நானும் குனிந்து அந்தக் காலுக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். டொக்டர் வெளியே வந்து, காலுக்குள் சீழ் கட்டி மேலே ஏறிவிட்டது, வெட்டிப் பார்த்தால்தான் தெரியும், எலும்பு பழுதாகியிருந்தால் உயிரைக் காப்பாற்றக் காலை எடுக்க வேண்டி வரலாம் என்றார். ஒளிக்காமல் சொல்கிறவர். அவர் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் நடைபாதையில் கிடந்த நீட்டு மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அந்த முள்ளைப் பாக்கேல்லை, மாஸ்ரர். முழுசா வந்ததோ, நுனி முறிஞ்சதோ எண்டு பாக்கேல்லை. கடலிலை எறிஞ்சிட்டன்."

விளக்கு வைக்கிற நேரம் டொக்டர் வந்தார். களைத்துப்போயிருந்தார், ஆனாலும் முகம் மலர்ந்திருந்தது. எங்கள் ஆளின் தோளில் கையை வைத்து உரத்துச் சொன்னார்.

"பயப்பிடாதையும். முள்ளுத் துண்டு ஒண்டு எலும்போடை ஒட்டிக் கிடந்தது, எடுத்தாச்சு. காலுக்கு ஒண்டுமில்லை. பிள்ளை சுகமாய் வருவாள்."

எங்கள் ஆள் வாங்கில் இருந்து அப்படியே கீழே சரிந்தார். தலையிலும் நெஞ்சிலும் அடித்துக்கொண்டு, "ஐயோ, என்ரை குஞ்சு" என்று கதறினார். டொக்டர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பிடித்து உலுக்கினேன். "அண்ணை, கால் இருக்கு, கேட்டதே? கால் இருக்கு எண்டுறார்!"

"சுகம் எண்டு சொல்லுறார், மாஸ்ரர்" என்று விக்கினார். "சுகம் எண்டு எப்ப சொல்லுறது எண்டு எனக்குத் தெரியாதே? நானும் அப்பிடித்தானே சொன்னனான்."

பார்வையாளர்களை அடுத்த நாள் காலையில்தான் விட்டார்கள். அதுவரைக்கும் நான் அவருக்குச் சொல்லாத விதமில்லை. கோபமாகச் சொன்னேன், அன்பாகச் சொன்னேன், என் தாய் மீது ஆணையாகச் சொன்னேன். ஒவ்வொரு தரமும் அவர் "ஓம், மாஸ்ரர்" என்று தலையாட்டினார். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் சொல்லும் ஆறுதலுக்குத் தலையாட்டுவது போல இருந்தது. அவருடைய முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. டொக்டர் சொன்னதை நான் சரியாகத்தான் கேட்டேனா? பிறகு ஏதாவது நடந்து, எங்களுக்குச் சொல்லாமல் விட்டார்களா?

வார்டில் தவமணி கடைசிக் கட்டிலில் நித்திரையாக இருந்தாள். இடுப்புக்குக் கீழே வெள்ளைத் துணி முட்டாமல் இருக்க ஒரு கம்பிக் கூடு வைத்து மூடியிருந்தார்கள். அதற்குக் கீழே கால் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். துணியைத் தூக்கிப் பார்க்கிறதுதானே என்று நினைத்தேன். அவருக்குக் கை எழும்பவில்லை. நானே தூக்குவம் என்று முன்னால் போனேன். என்னைத் தடுத்தார்.

பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது கையைத் துணிக்குக் கீழே விட்டார். கை மெல்ல மெல்லத் தடவிக்கொண்டு உள்ளே போனது. ஒரு இடத்தில் நின்றது. அங்கே எதையோ இரண்டு விரலால் பிடித்து ஒரு நுள்ளு நுள்ளியிருக்க வேண்டும்.

தவமணி துள்ளி விழித்தாள். "அப்பா! கால் நோகுது, விடுங்கோ!"

அவர் விடவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஒழுங்கையில் ஆள் வந்தாலே குரலைத் தாழ்த்துகிற அந்த மனிதர், வார்டில் நின்ற அவ்வளவு சனத்துக்கும் கேட்கக் கத்தினார்.

"நோகுதாம், மாஸ்ரர்! என்ரை பிள்ளைக்குக் கால் நோகுதாம்!"